பேயின் அம்மா பேசுகிறேன்

மனித நாகரிகம் மூன்று படிகள் ஏறி வந்திருக்கிறது. முதலில் மனிதன் பேசினான். பிறகு எழுதினான். இப்போது கருத்துத் தெரிவிக்கிறான். அதற்கு மேல் படி கிடையாது. மொட்டைமாடிதான்.

அந்த மொட்டைமாடியில்தான் எங்கள் அலுவலகம் இருக்கிறது. தொலைக்காட்சி நிலையத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. கதவில் 'பார்வையாளர் கருத்துப் பிரிவு' என்று எழுதியிருக்கும். நான் அதன் பொறுப்பாளர். மழை பெய்தால் தொலைபேசியில் பேசுவது எங்களுக்குக் கேட்காது. மழை நாட்களிலும் கருத்துகளைத் தவறாமல் பெற்றுக்கொள்கிறோம்.

எங்கள் வேலைமுறை அறிவியல்பூர்வமானது. வரும் ஒவ்வொரு அழைப்பையும் செய்தியையும் நான்கு வகையில் ஒன்றில் சேர்ப்போம். பயம், கண்ணீர், கோபம், ஈடுபாடு. முதல் மூன்றில் சேராதது நான்காவதில் சேரும். ஒருவர் அழைத்து, தன் வீட்டுத் தொலைக்காட்சியில் படமே தெரியவில்லை என்றார். ஈடுபாடு. இன்னொருவர் தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதுவும் ஈடுபாடு. இந்த வகையில் எங்கள் நிலையத்தை வெல்ல ஆளில்லை.

எங்கள் பிரிவின் பொற்காலம் 'சுவருக்குள் ஒரு மருமகள்' என்ற தொடரோடு பிறந்தது. கதை எளியது. முதல் வாரம் மருமகள் இறந்துவிடுகிறாள். இரண்டாம் வாரம் சுவரிலிருந்து வெளியே வருகிறாள். உயிரோடு இருந்தபோது அவளுக்கு வசனமே இல்லை. இறந்த பிறகு வாய் ஓயவில்லை. மாமியார் மன்னிப்புக் கேட்கும்வரை போகமாட்டேன் என்கிறாள். மாமியார் கேட்பதாக இல்லை. விளம்பரதாரர்களும் மாமியார் பக்கம்.

மருமகளாக நடித்த பெண்ணை நிலையத்தில் எல்லோரும் 'பேய்' என்றுதான் கூப்பிடுவோம். அன்பாகத்தான். கேன்டீன்காரர் "பேய்க்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்று குரல் கொடுப்பார். வருகைப் பதிவிலும் அப்படித்தான். அவள் நாள் முழுக்க இடுப்பில் பட்டை கட்டி, ரோப்பில் தொங்கி, காற்றில் மிதப்பாள். அவள் குரல் மட்டும் தொடரில் வராது. அது கனிவாக இருக்கிறது, யாருக்கும் பயம் வரவில்லை என்று முதல் நாளே முடிவானது. வேறொரு பெண்மணி குரல் கொடுத்தார். நல்ல மனிதர். சாதாரணமாக "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலே நமக்குப் பசி போய்விடும்.

கதை ரகசியம் கசியாதிருக்க, படப்பிடிப்புத் தளத்தில் நுழையும்போது எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிடுவார்கள். தளத்துக்குப் பின்னாலேயே தங்குமிடம். எனவே பேய் வெளியுலகத் தொடர்பின்றியே வாழ்ந்தது. பாத்திரத்துக்கு அது மிகவும் உதவியது என்று இயக்குநர் சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அத்தியாயம் படமானது. பேய் சாப்பாட்டு மேசைக்கு மேலே மிதந்து, மாமியாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மாமியார் சாவிக்கொத்தை ஆட்டி, "போ வெளியே!" என்று கத்த வேண்டும். பேய் மிதந்தது. சிரித்தது. அப்போது ரோப் நழுவியது.

பேய் மேசை மேல் விழுந்தது. மேசை இரண்டானது. தட்டுகள் பறந்தன. பேய் "அம்மா!" என்று அலறியது.

மாமியாராக நடித்தவர் சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினார். பேயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ கண்ணு, அடிபட்டுச்சா? எங்கம்மா வலிக்குது? யாராவது தண்ணி கொண்டாங்களேன்!" என்று அழுதார். விளக்குப் பிடிப்பவர் ஒரு பாட்டிலை நீட்டினார். இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். பயத்தில்தான்.

அன்று மாலையே ஒளிபரப்ப வேண்டிய அத்தியாயம் அது. வேறு காட்சி கையில் இல்லை. குரல் சேர்க்க நேரமில்லை. எடுத்ததை எடுத்தபடியே போட்டார்கள்.

அத்தியாயம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே எங்கள் தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின.

"சார், பேய் மாமியாரை 'அம்மா'ன்னு கூப்பிட்டுருச்சு! எங்க வீட்டுல எல்லாரும் அழறோம். எங்க மாமியாரும் அழறாங்க. ரெண்டு பேரும் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"இப்ப பேசிட்டீங்களாம்மா?"

"இல்ல சார். சேர்ந்து அழறோம்."

கண்ணீர்.

அடுத்தவர் கூர்மையான மனிதர். "அந்தப் பாட்டில் நீட்டின கை யாரோடது?"

"நீங்க என்ன நினைக்கறீங்க சார்?"

"செத்துப்போன மாமனார். அவர் சாகறப்ப வாட்ச் கட்டியிருந்தாரு. இந்தக் கையிலயும் வாட்ச். என்னை ஏமாத்த முடியாது."

பயம். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் நீண்ட நேரம் பேசினார். பேய்க்கு எடை இல்லை, எடையில்லாத ஒன்று மேசையை உடைக்க முடியாது, ஆகவே மேசை தானாகவே மனம் உடைந்திருக்கிறது என்று நிறுவினார். ஓர் அம்மையாருக்குத் தட்டுகள் உடைந்ததில்தான் வருத்தம். "செத்தும் பொறுப்பு வரல பாருங்க அந்தப் பொண்ணுக்கு" என்றார். கோபம்.

இந்த வெள்ளத்தின் நடுவில் ஓர் அழைப்பை நானே எடுத்தேன்.

"சார், நான் அம்மா பேசறேன்."

"யாரோட அம்மாங்க?"

"அந்தப் பேயோட அம்மா."

நான் வியக்கவில்லை. அன்று ஏற்கெனவே பேயின் தோழி, பேயின் நாத்தனார், முற்பிறவி அண்ணன் ஆகியோர் பேசியிருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா. காட்சி எப்படி இருந்தது?"

"அது காட்சி இல்ல சார். அவ நிஜமாவே விழுந்திருக்கா. இத்தனை மாசமா வேற யாரோ குரல்ல பேசிட்டிருந்தா. இன்னிக்குத்தான் அவ குரல் கேட்டுச்சு. சின்ன வயசுல மாடிப்படியில உருண்டப்ப இப்படியேதான் கத்தினா. அவ கை எப்படி இருக்கு சார்? கையைத்தான் ஊனினா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா."

"அம்மா, நீங்க ரொம்ப ஒன்றிப்போய்ப் பார்க்கறீங்க. எங்களுக்குப் பெருமையா இருக்கு."

"ஒன்றிப்போய்ப் பார்க்கல தம்பி. பெத்தேன்."

"அருமை! இதை அப்படியே மேலிடத்துல சொல்றேன். எந்த வயசுப் பிரிவு நீங்க?"

அந்த அம்மா வயதைச் சொல்லாமல், "அவளை இனிமே கயித்துல தொங்கவிட வேணாம்னு சொல்லுங்க. அது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பயம் இல்லை. கண்ணீர் கேட்கவில்லை. கோபமும் சரியாகத் தெரியவில்லை. ஈடுபாட்டில் சேர்த்தேன்.

மறுநாள் உயர்நிலைக் கூட்டம் நடந்தது. நிகழ்ச்சித் தலைவர் நடுவில் அமர்ந்தார். வலப்பக்கம் உதவித் தலைவர். அவரை நாங்கள் 'கரெக்ட் சார்' என்போம். அவர் பேசும் மொழி முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். எதிரில் இயக்குநரும் நானும்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உணர்ச்சிவசப்படும்போது அப்படிச் செய்வார்.

"இந்த நிலையத்துல இத்தனை வருஷம் இருக்கேன். இப்படி ஒரு 'அம்மா'வை நான் கேட்டதில்லை. யார் எழுதினது?"

"யாரும் எழுதல சார்," என்றார் இயக்குநர். "ரோப் நழுவிடுச்சு."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எது நழுவினா என்னய்யா? ஜனங்க மனசுல நின்னுச்சா இல்லையா?"

"கரெக்ட் சார்."

"வாராவாரம் வெள்ளிக்கிழமை விழணும். அதுதான் இனிமே நம்ம அடையாளம்."

இயக்குநர் இருமினார். "சார், அந்தப் பொண்ணுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கு. டாக்டர் கட்டுப் போட்டிருக்கார்."

"முழுக்கை உடை கொடுங்க. பேய்க்கு எந்த ஊர்லயும் அரைக்கை கிடையாது."

"கரெக்ட் சார்."

பேயை அழைத்தார்கள். ஒப்பனை இல்லாமல் வந்தது. முகம் வெளுத்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இடக்கையை வலக்கையால் தாங்கிக்கொண்டு நின்றது.

"உட்காரும்மா. பிரமாதப்படுத்திட்டே."

"சார், கொஞ்ச நாளைக்கு நடந்தே வரேனே. பேய் நடக்கக் கூடாதா?"

"பேய் நடந்தா மனுஷி ஆயிடும்மா."

"விழுந்தப்ப மனுஷியாத்தான் சார் இருந்தேன்."

"அதைத்தானே ஜனங்க ரசிச்சாங்க!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "அதை விட்டுராதே."

"இன்னொரு தடவை இந்தக் கையில விழுந்தா எலும்பு உடைஞ்சுடும்னு டாக்டர் சொல்றார் சார்."

தலைவரின் முகம் கனிந்தது. "கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா. உனக்கு முடியலைன்னா சொல்லு. ஊர்ல பேய்க்கா பஞ்சம்?"

பேய் எல்லோரையும் ஒரு முறை பார்த்தது. கடைசியாக என்னைப் பார்த்தது. நான் என் காகிதங்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஒரு போன் மட்டும் பண்ணிக்கட்டுமா சார்? எங்கம்மா பார்த்திருப்பாங்க. பயந்திருப்பாங்க."

"வெள்ளிக்கிழமை முடியட்டும். இப்ப நீ வாயைத் திறந்தா கதை வெளியே போயிடும். வாரம் பூரா ஜனங்க தூங்காம இருப்பாங்க, அதைக் கெடுக்கலாமா?"

"கரெக்ட் சார்."

பேய் வெளியே போனது. அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. வாழ்வில் சில தருணங்களில்தான் அப்படி உதிக்கும்.

"சார், ஒரு பார்வையாளர் நேத்துப் பேசினாங்க. எவ்வளவு ஒன்றிப்போயிருக்காங்கன்னா, தன்னைப் பேயோட அம்மான்னே நம்பறாங்க. பெத்தேன்னு சொல்றாங்க. விழுந்த கை எதுன்னு கூடக் கவனிச்சிருக்காங்க."

தலைவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படிப்பட்டவங்களுக்காகத்தான்யா நாம இருக்கோம். அந்த அம்மாவை வெள்ளிக்கிழமை தளத்துக்குக் கூப்பிடுங்க. 'சிறந்த பார்வையாளர்' விருது. கேமராவுக்குப் பக்கத்துல உட்கார வைங்க. பேய் விழறதை அவங்க நேர்ல பார்க்கட்டும்."

இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "நிஜமாவே அம்மாவா இருந்தா?"

"அப்ப இன்னும் நல்லா பார்ப்பாங்க" என்றார் தலைவர்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தார். ஒல்லியான உருவம். தோளில் ஒரு துணிப்பை. வாசலில் காவலர் பையைச் சோதித்தார். ஒரு ஜோடி உடை, வலிக்குத் தடவும் களிம்பு, ஒரு சீப்பு. கதை ரகசியம் எதுவும் இல்லை. உள்ளே விட்டார்.

தலைவர் பூச்செண்டு கொடுத்தார். நான் 'சிறந்த பார்வையாளர்' என்று எழுதிய பட்டையைக் குறுக்கே அணிவித்தேன். அந்த அம்மா பூச்செண்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, "எங்க அவ?" என்றார்.

"வருவாங்கம்மா. மேலேருந்து வருவாங்க," என்றேன். "நீங்க எப்பவும் போலப் பாருங்க."

"எப்பவும் போலத்தான் பார்ப்பேன்."

தளத்தில் புது மேசை போட்டிருந்தார்கள். விழுந்ததும் இரண்டாகும்படி நடுவில் பாதி அறுத்து வைத்திருந்தார்கள். கலை இயக்குநருக்குத் தனிப் பாராட்டு கிடைத்தது. என்ன நடந்தாலும் 'கட்' சொல்லக் கூடாது என்று இயக்குநருக்கு உத்தரவு. போன முறை சொல்லாததால்தானே வெற்றி.

விளக்குகள் எரிந்தன. ரோப் இழுத்தார்கள். பேய் மெல்ல எழும்பியது. முழுக்கை உடைக்குள் இடக்கை மடங்கியே இருந்தது. உச்சிக்குப் போனதும் அது கீழே பார்த்தது. பட்டை அணிந்த அம்மாவைப் பார்த்தது. வாயைத் திறந்து, மூடிக்கொண்டது. நல்ல பேய். வசனத்தில் இல்லாததைப் பேசாது.

"போ வெளியே!" என்று மாமியார் சாவிக்கொத்தை ஆட்டினார். அவர் குரல் திங்கட்கிழமை போல் இல்லை.

சிறந்த பார்வையாளர் எழுந்தார். கேமராவின் பார்வைக்குள் நடந்தார். அறுத்து வைத்த மேசையை இரண்டு கையாலும் ஒரு பக்கமாகத் தள்ளினார். மேலே அண்ணாந்து பார்த்தார்.

"இறங்குடி."

"அம்மா, ஷாட் போயிட்டிருக்கு!"

"போகட்டும். அது எங்க வேணா போகட்டும். நீ இறங்கு."

"கேமரால தெரியறம்மா!"

"உன்னை ஆறு மாசமா நான் டிவியிலதானே பார்த்தேன்? இன்னிக்கு என்னையும் பார்க்கட்டும்." ரோப் பிடித்திருந்தவரிடம் திரும்பினார். "தம்பி, மெதுவா விடுப்பா. இடக்கைப் பக்கம் இடிக்காம."

ரோப்காரர் தலைவரைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். யாரும் 'கட்' சொல்லவில்லை. அந்த இடத்தில் தெளிவாக உத்தரவு போட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். ரோப்காரர் மெதுவாக விட்டார்.

கால் தரையில் பட்டதும் பேய் அழுதது. அந்த அம்மா அழவில்லை. உடையின் கையைச் சுருட்டி, டாக்டர் போட்ட கட்டைப் பார்த்தார். "யாரு கட்டினது இதை? இப்படியா கட்டுவாங்க?" என்றார். மகளின் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்ற அவருக்குத் தெரியவில்லை. மாமியார் வந்து கழற்றிவிட்டார்.

"கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார் மாமியார். "இங்க எல்லாரும் நல்லவங்க. அதனால யாரும் போகச் சொல்ல மாட்டாங்க."

இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். பேய் நடந்தது. தலைவர் ஓடிவந்து வழிமறித்தார்.

"அம்மா, எட்டு மணிக்கு ஒளிபரப்பு! பேய் இல்லாம நான் என்ன செய்வேன்?"

"நீங்களே தொங்குங்க," என்றார் சிறந்த பார்வையாளர். தன் விருதுப் பட்டையைக் கழற்றித் தலைவரின் தோளில் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"கரெக்ட்..." என்று ஆரம்பித்த உதவித் தலைவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் பாதியில் நிறுத்தியதை நாங்கள் முதன்முறையாகக் கேட்டோம்.

வேறு காட்சி கையில் இல்லை. எடுத்ததை எடுத்தபடியே போட்டார்கள்.

அன்று நான் பெருமிதத்துடன் தொலைபேசியருகே காத்திருந்தேன். பேயைப் பேயாகவே நம்பிய மக்கள், விளக்குக்காரரின் கையில் மாமனாரைக் கண்ட மக்கள், ஒரு மேசையின் மனவலியைக்கூட உணர்ந்த மக்கள் இதை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று எண்ணிப் பூரித்தேன். தொலைபேசிகள் அலறின.

"யாரு சார் அந்தப் புது அம்மா? நடிப்பே வரல!"

"ஏன் சார்?"

"பெத்தவ இப்படியா இருப்பா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கட்டு சரியில்லைன்னு குறை சொல்லிட்டிருக்கா. மாமியாரைப் பாருங்க, திங்கக்கிழமை எப்படி அழுதாங்க! அதுதான் சார் தாய்ப்பாசம்."

கையில் வாட்ச்சைக் கண்டுபிடித்த என் கூர்மையான நண்பர் ஒரே வரியில் முடித்தார். "நம்பற மாதிரி இல்ல."

இயற்பியல் ஆசிரியர் மட்டும் சற்று ஆதரவாகப் பேசினார். பேய் தரையில் நடந்தபோது காலடிச் சத்தம் கேட்டதாகவும், அது தொழில்நுட்பக் கோளாறாக இருக்கலாம் என்றும் மன்னித்தார். மற்ற அனைவருக்கும் ஒரே வேண்டுகோள்தான். பழையபடி விழ வேண்டும். நிலையம் மக்களின் குரலை மதிக்கும். அடுத்த திங்கட்கிழமையே வேறொரு பெண்ணின் இடுப்பில் பட்டை கட்டப்பட்டது. குரல் கனிவாக இருக்கிறது என்று அவளுக்கும் சொல்லிவிட்டார்கள். பழைய பேய் விழுந்த காட்சியைத் தொடரின் தொடக்கப் பாட்டில் மெதுவாக ஓடவிட்டார்கள். இப்போது தினமும் விழுகிறது.

கருத்தை உரியவரிடம் சேர்ப்பது எங்கள் பிரிவின் கடமை. அதில் நான் சலுகை காட்டுவதில்லை. அந்த அம்மாவுக்குத் தொலைபேசினேன். பின்னால் குக்கர் சத்தமும், யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன. கனிவான குரல்.

"அம்மா, வெள்ளிக்கிழமை அத்தியாயத்துக்கு ஏராளமான கருத்து வந்திருக்கு. உங்க நடிப்பு இயல்பா இல்லைன்னு பெரும்பாலானவங்க நினைக்கறாங்க."

"அப்படியா தம்பி?"

"மனசுல வச்சுக்காதீங்க. முதல் தடவைதானே?"

"வச்சுக்கல. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. இத்தனை பேர் பேசினாங்களே, அவ கை எப்படி இருக்குன்னு யாராவது கேட்டாங்களா?"

நியாயமான கேள்வி. எங்கள் பிரிவில் எந்தக் கருத்தும் தொலைவதில்லை. சற்றுப் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பயம், கண்ணீர், கோபம் மூன்றையும் பொறுமையாகத் தேடினேன். கடைசியில் ஈடுபாட்டில் கிடைத்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"இருக்கும்மா! ஒருத்தர் கேட்டிருக்காங்க!"

"யாரு தம்பி அந்தப் புண்ணியவதி?"

"நீங்கதான்."